இடது கைக் கீறல்

உலகத்தில் தப்பே செய்யாதவை இரண்டு. ஒன்று கடவுள், அவரைச் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. இன்னொன்று அந்த நாட்டு நாணயச் சாலை. அதைச் சந்தேகப்பட்டவர்கள் இப்போது இல்லை.

காசு அடிக்கிற இடத்தில் நாணயத்துக்கு என்ன குறைச்சல்? வாசலில் ஒரு காவலாளி, அவரைக் கவனிக்க இன்னொரு காவலாளி. வேலை முடிந்து போகிறவர்களின் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்ப்பார்கள். அவ்வளவு நம்பிக்கை.

அங்கே அச்சுத் திருத்துகிற வேலை உளிக்காரருக்கு. காசு அடிக்கும் எஃகு அச்சு, அடித்து அடித்துத் தேயும். பெரியவரின் மூக்கு சப்பையாகும், கிருதா மழுங்கும். நாட்டை ஆள்கிறவரைப் 'பெரியவர்' என்றுதான் சொல்ல வேண்டும். வேறு மாதிரி சொல்லிப் பார்த்தவர்களும் இப்போது இல்லை. புது அச்சு செய்வது 'வீண் செலவு'. ஆகவே உளிக்காரர் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய அச்சையே தோண்டி ஆழமாக்குவார்.

அச்சில் பள்ளம் என்றால் காசில் மேடு. அச்சில் வலது என்றால் காசில் இடது. தோண்டலாம், தோண்டினதை நிரப்ப முடியாது. அதனால் காசில் பெரியவரின் கிருதா வருஷத்துக்கு வருஷம் அடர்ந்துகொண்டே போனது. நிஜத்தில் உதிர்ந்துகொண்டே போனது. இதில் எது பெரியவர் என்று கேட்கும் அளவுக்கு அங்கே யாருக்கும் நேரம் இல்லை.

பெரியவரின் முகத்தில் கைவைக்க நாட்டிலேயே இரண்டு பேருக்குத்தான் அனுமதி. இரண்டு பேரும் ஒரே குடும்பம். எஃகில் வைப்பவர் உளிக்காரர். சதையில் வைப்பவர் அவருடைய மச்சான், பெண்டாட்டியின் தம்பி. பெரியவருக்குத் தினமும் சவரம் செய்கிறவர். இடது கைப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்து மாமாவுக்கும் சும்மாவே செய்துவிடுவார்.

"மாமா, உங்க தாடை கருங்கல்லு. பெரியவர் கன்னம் இருக்கே, வெண்ணெய். கத்தியை வச்சா அதுவா வழுக்கிட்டுப் போகும்."

"வெளியில சொல்லித் தொலைக்காதடா. கத்தியைப் பார்த்துப் போடு."

அந்தச் சமயத்தில்தான் 'ஊழியர் ஊக்க வாரம்' வந்தது. மேலாளர்கள் ஊழியர்களைத் 'தட்டிக்கொடுத்து' வேலை வாங்க வேண்டும் என்று மேலிடத்து ஆணை. நாணயச் சாலை மேலாளர் ஆணையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுகிறவர். உளிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிருதாவில் ஒரு முடியைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து முதுகில் ஓங்கித் தட்டிக்கொடுத்தார்.

உளி கிருதாவிலிருந்து கிளம்பி, கன்னத்தைக் கடந்து, மூக்கோரம் போய் நின்றது. தொடக்கத்தில் நல்ல ஆழம். போகப் போக மெலிவு.

"ஐயா, கீறிடுச்சு."

"ஊக்கமா இருக்கா, இல்லையா?"

"பெரியவர் கன்னம்யா."

மேலாளர் குனிந்து பார்த்தார். பூதக்கண்ணாடி உளிக்காரரின் கண்ணில் இருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "பிரமாதம்" என்று கையெழுத்துப் போட்டார். காசு ஊருக்குள் போனது.

சந்தையில் ஒரு காய்கறிக்காரி காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதென்ன, யாரோ மூஞ்சியப் பிறாண்டின மாதிரி இருக்கு?" என்றாள். சாயங்காலத்துக்குள் விசாரணைக் குழு உட்கார்ந்துவிட்டது. மேலாளர் உளிக்காரரைத் தனியே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கை தவறிடுச்சுன்னு சொன்னா, ஏன் தவறிச்சுன்னு கேப்பாங்க. தட்டினதாலன்னு சொன்னா, யார் தட்டச் சொன்னதுன்னு கேப்பாங்க. கடைசியில மேலிடத்தையே கேள்வி கேட்ட மாதிரி ஆயிடும். உங்களுக்கு அது சம்மதமா?"

"எனக்கு எதுக்குங்க அந்த வம்பு?"

"அப்ப நாணயச் சாலை தப்பு செய்யலை. கன்னத்துல காயம் இருந்திருக்கு. நீங்க இருந்ததைச் செதுக்கியிருக்கீங்க. மேடாத்தானே வந்திருக்கு? தழும்புன்னா மேடாத்தான் இருக்கும். என்ன நுணுக்கம்யா உங்க கை!"

குழு வைத்தியரை வரவழைத்தது. அவர் பெரியவரின் கன்னத்தைத் தடவிப் பார்த்து, ஒரு தழும்பும் இல்லை என்று கண்டுபிடித்தார். பிறகு குழுத் தலைவரின் முகத்தைப் பார்த்து, காயம் முழுசாக ஆறிவிட்டது என்று கண்டுபிடித்தார். காயம் இல்லாமல் எப்படி ஆறும்? ஆகவே காயம் 'உறுதி' ஆனது.

அடுத்த கேள்வி, கீறினது யார்? பெரியவரின் முகத்துக்குப் பக்கத்தில் கத்தியோடு போகிறவர் ஒரே ஆள். அதிலும் காசில் கோடு இடப்பக்கம் காதோரம் தடிப்பாகத் தொடங்கி, வலப்பக்கம் மூக்கோரம் மெலிந்து முடிகிறது. எதிரே நின்று கத்தியை இழுத்தவனுக்கு இடது கைப் பழக்கம் இருக்க வேண்டும். இவ்வளவு துல்லியமாக ஒரு குழு உண்மையைக் கண்டுபிடித்ததாக எங்கும் கேள்விப்பட்டதில்லை. மச்சானைச் சோப்பு நுரை காயாத கையோடு பிடித்துப் போனார்கள்.

"என்னங்க, போய்ச் சொல்லுங்க" என்றாள் பெண்டாட்டி. "என் கைதான் தவறிச்சுன்னு ஒரு வார்த்தை. என் தம்பிங்க அவன்."

"சொல்லாம என்ன? கேட்டா சொல்றேன்."

கேட்டார்கள். நிறைந்த சபையில், மச்சானை எதிரே நிறுத்திவைத்து, குழுத் தலைவர் ஒரு காசை நீட்டினார். "இந்தக் காசுல இருக்கற கோட்டைப் பாருங்க. இது எந்தக் கை வேலை?"

"சொல்லுங்க மாமா" என்றார் மச்சான். முகத்தில் கவலையே இல்லை. மாமா வாயைத் திறந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்ற நினைப்பு.

உளிக்காரர் பூதக்கண்ணாடியை மாட்டினார். காசைப் பார்த்தார். மேலாளரைப் பார்த்தார். மச்சானைப் பார்க்கவில்லை.

"காசுல பார்த்தா, இடது கை வேலைதாங்க."

இதில் ஓர் எழுத்துப் பொய் உண்டா? கிடையாது. காசைத்தான் காட்டினார்கள், காசைப் பற்றித்தான் சொன்னார். அச்சில் பார்த்தால் எந்தக் கை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பார். மச்சான் மட்டும், "மாமா, அச்சு?" என்றார். குற்றவாளிகள் கேள்வி கேட்கக் கூடாது என்று உட்காரவைத்தார்கள்.

மச்சான் கல் உடைக்கப் போனார். உளிக்காரருக்குப் பதக்கம் வந்தது. ஒரு பக்கம் பெரியவர், கன்னத்தில் கோட்டோடு. மறுபக்கம் 'நாணயம்' என்ற ஒரே சொல். மேலாளர் தட்டிக்கொடுத்தார், இந்தத் தடவை மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்துவிட ஆள் இல்லை. உளிக்காரர் நுரையைப் பூசிக்கொண்டு, வலது கையில் கத்தியோடு கண்ணாடி முன்னால் நின்றார். அந்த வாரம் முழுக்க அவரோடு பேசாத பெண்டாட்டி பின்னால் வந்து, தோளுக்கு மேலே கையை நீட்டி, ஒரு காசைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தாள். கண்ணாடிக்குள் எல்லாம் புரண்டது. கோடு வலப்பக்கம் தடித்து, இடப்பக்கம் மெலிந்து, அச்சில் ஓடின மாதிரியே ஓடியது.

"இப்பச் சொல்லுங்க. இது எந்தக் கை?"

உளிக்காரர் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். நுரை காய்ந்து கன்னம் இழுத்தது.

"தெரியலையே" என்றார்.

அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் அதுதான். மச்சானைக் கல் உடைக்க அனுப்பினது சுத்தமான உண்மை.