சம்பந்தியின் எடை

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே என் ரத்த அழுத்தம், என் மனைவி, சமையலறைக் குழாய் மூன்றும் இப்போதைக்குக் கட்டுக்குள் இருக்கின்றன. அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் தங்கள் இடது முழங்காலும் சௌக்கியம் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்க இவர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் நான் "சொல்லுங்க" என்கிறேன், தாங்கள் "நீங்க சொல்லுங்க" என்கிறீர்கள், பிறகு இருவரும் "சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். கடிதத்தில் தாங்கள் குறுக்கே புகுந்து என்னை முதலில் பேசச் சொல்ல முடியாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

விஷயம் தங்களுக்குத் தெரிந்ததுதான். நம் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து நமக்கு ஒரு படகுப் பயணம் பரிசளித்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே உள்ள ஆற்றில், இரண்டு முனையும் கூராக இருக்கும் கேனோ என்கிற ஒல்லிப் படகில், நாம் இருவர் மட்டும் துடுப்புப் போட்டுப் பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும். முன்பதிவுச் சீட்டு என்னிடம்தான் இருக்கிறது; அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். எதற்கு இந்த வயதில் இதெல்லாம் என்று மருமகளிடம் கேட்டேன். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "மாமா, பிள்ளை பொறந்ததும் நீங்களும் எங்கப்பாவும் தொட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு, 'நீங்க தூக்குங்க', 'இல்லல்ல, நீங்க தூக்குங்க'ன்னே சொல்லிட்டு இருப்பீங்க. அது அழுது அழுது தானாவே தூங்கிடும். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் கொஞ்சமாவது பழகிக்கணும்." எனக்குச் சுருக்கென்றது. உண்மைதானே, சம்பந்தி? நமக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை போடும் அளவுக்குக்கூட நாம் பழகவில்லை.

ஆகவே போவது என்று முடிவு செய்தேன். போவது என்றால் எப்படி என்று பார்த்துவிட்டு வர ஆற்றங்கரைக்குப் போனேன். நான் லிஃப்ட் சோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தங்களுக்குத் தெரியும். எதில் ஏறினாலும் எத்தனை கிலோ தாங்கும் என்ற பலகையைத் தேடுவது என் வழக்கம்; கல்யாண மேடையில்கூடக் குனிந்து பார்த்தேன், தாங்கள் நான் செருப்பைத் தேடுவதாக நினைத்து உதவிக்கு வந்தீர்கள். படகிலும் உள்பக்கம் அப்படி ஒரு சின்னத் தகடு இருந்தது. அதில் இரண்டு பேர் என்று போடவில்லை, எடை மட்டும் போட்டிருந்தது. படகுக்காரரிடம் விசாரித்தேன். அவர் சாவகாசமாக, "அதுல ஒண்ணும் பயமில்ல சார். கனமானவர் பின்னாடி உக்காரணும், அவ்வளவுதான். பின்னாடி இருக்கிறவர்தான் திருப்புறது, வளைக்கிறது எல்லாம். முன்னாடி இருக்கிறவர் பேசாம துடுப்பப் போட்டுட்டு வரணும்" என்றார். மரியாதைக்குத் தங்களை முன்னால் உட்கார வைத்தால், பெண்ணைக் கொடுத்தவரைப் பேசாமல் துடுப்புப் போட வைத்த பாவம் எனக்கு. பின்னால் உட்கார வைத்தால், "நீங்கள் என்னைவிடக் குண்டு" என்று ஆற்றுக்கு நடுவே அறிவித்த மாதிரி ஆகிவிடும். எப்படிப் பார்த்தாலும் தங்கள் எடை தெரியாமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. சம்பந்தியிடம் போய் எடையை எப்படிக் கேட்பது?

சுற்றி வளைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்று முதலில் என் மகனுக்குப் போன் செய்தேன். அந்தப் பையன் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஏதோ துணி மடித்துக்கொண்டிருந்திருக்கிறான். "உன் மாமனார் எத்தனை கிலோடா இருப்பாரு?" என்று நான் கேட்டதும் மருமகள் குரல்தான் வந்தது. "எங்கப்பா வெயிட்டு எதுக்கு மாமா?" "சட்டை எடுக்கலாம்னு…" என்று உளறிவைத்தேன். போன மாதம் தங்களுக்குத் திடீரென்று ஒரு நீலச் சட்டை வந்ததற்கு அதுதான் காரணம். அது தொளதொளவென்று இருந்தால் மன்னிக்கவும். இறுக்கமாக இருந்தாலும் மன்னிக்கவும்.

அடுத்ததாக, போன வாரம் தாங்கள் வீட்டுக்கு வந்தபோது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வாசல் மிதியடியின் கீழிருந்து ஒரு பெண் குரல் கேட்டதல்லவா? அது கடிகாரம் இல்லை. எடையைச் சத்தமாகச் சொல்கிற இயந்திரம் ஒன்று கடையில் கிடைத்தது. அதை மிதியடிக்குக் கீழே வைத்துவிட்டு, தாங்கள் மிதிப்பதற்காகக் கதவுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தாங்களோ, "மிதியடி புதுசு போல இருக்கு, அழுக்காயிடும்" என்று முழங்கால் வலியோடு அதைத் தாண்டி உள்ளே வந்துவிட்டீர்கள். வரவேற்க வெளியே வந்த நான்தான் அதன் மேல் காலை வைத்தேன். என் எடை தெருவரைக்கும் கேட்டது. தாங்கள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "பேசுற கடிகாரமா? நல்லா இருக்கு" என்றீர்கள். அந்தப் பண்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் பாருங்கள், இப்போது என் எடை தங்களுக்குத் தெரியும், தங்கள் எடை எனக்குத் தெரியாது. இது எந்த விதத்தில் நியாயம்?

ஒத்திகையும் பார்த்தேன். கூடத்தில் கம்பளத்தை நீளவாக்கில் மடித்துப் படகாக்கி, நான் தரை துடைக்கும் கட்டையோடு முன்னால் உட்கார்ந்துகொண்டு, தங்கள் இடத்தில் என் மனைவியைப் பின்னால் உட்கார வைத்தேன். அன்றைக்கு முந்தின நாள்தான் அவள் சம்பந்தியம்மாவோடு துணிக்கடைக்குப் போய்விட்டு, பை எதுவும் இல்லாமல் முகமெல்லாம் வெயிலில் கறுத்துத் திரும்பியிருந்தாள். களைப்பாக இருப்பாள், பொறுமை இருக்காது என்று நினைத்தேன். அவளோ உற்சாகமாக, "கட்டைய அப்படியா புடிப்பாங்க? மேல் கை நுனியில இருக்கணும். தோளால தள்ளுங்க, மணிக்கட்டால இல்ல" என்று அதட்டினாள். இவளுக்கு எல்லாவற்றிலும் ஓர் அபிப்பிராயம் உண்டு என்று விட்டுவிட்டேன். ஒத்திகையில் பக்கத்திலிருந்த நாற்காலி கவிழ்ந்தது, என் இடுப்பும் பிடித்துக்கொண்டது. படகு கவிழவில்லை என்பது ஓர் ஆறுதல்.

இனியும் பூசி மெழுகுவதில் அர்த்தமில்லை. வெளிப்படையாகவே கேட்டுவிடுகிறேன். தாங்கள் எத்தனை கிலோ? உள்ளதைச் சொன்னால் போதும். கூட்டியோ குறைத்தோ சொன்னால் ஆறு கண்டுபிடித்துவிடும். தங்கள் பதில் வந்ததும் உட்காரும் இடத்தை முடிவு செய்து, ஒரு நல்ல நாள் பார்த்து, அவசரமில்லாமல் போகலாம். சீட்டுதான் பத்திரமாக இருக்கிறதே.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மருமகள் அங்கே வந்தால் அவளுக்கு என் ஆசி. அவள் வயிற்றில் இருப்பவருக்கு, தாத்தாக்கள் இருவரும் தீவிரமாகப் பழகிக்கொண்டிருக்கிறார்கள் என்று தகவல்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் என் மனைவி கடிதத்தை வாங்கிப் படித்தாள். மேலே மூன்றும் கட்டுக்குள் இருப்பதாக எழுதியிருக்கிறேனே, அதில் நடுவில் இருப்பதை அடித்துவிடவும். படித்து முடித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "சீட்டுக்குப் பின்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா?" என்றாள். பார்க்கவில்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் லிஃப்டுக்குத் தேதி முடிந்துவிட்டது என்று பூட்டுப் போட்டவன் நான், அலமாரியில் இருந்த சீட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையோடு அது முடிந்துபோனது.

"வீணாப் போகுதேன்னு நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்துட்டோம்" என்றாள் அமைதியாக. அதாவது, என் மனைவியும் தங்கள் மனைவியும். துணிக்கடை என்றது அதைத்தான். "பின்னாடி யாரு உக்காந்தது?" என்று கேட்டேன். "போகும்போது அவங்க, வரும்போது நான்." "எடை?" "அத யாரு கேட்டா? பாலத்துக்கிட்ட ஒரு தடவ சுத்திச் சுத்தி வந்தோம், சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுப்போச்சு."

படகு இல்லை என்றதும் அப்பாடா என்று இருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை, சம்பந்தி. துக்கமாக இருந்தது. தங்களோடு போக நான் இவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. உடனே சட்டையை மாட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலைக்கு நானே ஒரு படகைப் பதிவு செய்துவிட்டேன். போகும்போது தாங்கள் பின்னால், வரும்போது நான். குழந்தையைத் தூக்குவதிலும் இதே முறைதான்.

எனவே மேலே கேட்ட கேள்வியை மறந்துவிடவும். தங்கள் எடை எனக்கு வேண்டாம். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால் போதும். காலையில் மட்டும் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நானும் அப்படியே வருகிறேன்.