பரலோகத்தில் கடல் பார்த்த வீடு

பரலோகத்தில் வீடு வாங்க வந்த கூட்டம் மண்டபத்துக்குள் அடங்காமல் மாடிப்படி வரைக்கும் நின்றது. பாதிப் பேர் பூமியில் வீட்டு வாடகைக்கே நாக்குத் தள்ளுகிறவர்கள்.

மேடையில் எழுத்துப் போதகர். வேதத்தில் எதைக் கேட்டாலும், "உவமையாவது ஒண்ணாவது! எழுத்துக்கு எழுத்து அப்படியே நடக்கும்!" என்று மேசையைத் தட்டுவார், அதனால் வந்த பட்டப்பெயர். வானத்திலிருந்து பொன் நகரம் இறங்கும் என்று எழுதியிருக்கிறதா? இறங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமா? அப்படியானால் அடுக்குமாடிதானே! மனிதர் வரைபடமே போட்டுவிட்டார். மேல்தளத்துக்குத் தனி விலை, மூலை வீட்டுக்குத் தனி விலை. லிஃப்ட் உண்டா என்று ஒருவர் கேட்டார்.

"தேவதூதரே தூக்கிட்டுப் போவார்!"

மூட்டுவலிக்காரர்கள் கண் கலங்கிக் கை தட்டினார்கள்.

இருப்பதிலேயே விலை உசந்தது கடல் பார்த்த வீடு. திரைச்சீலை தைக்கும் தையல்காரர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். பதிலுக்குக் கொடுக்க அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று: முன்னறையில் தையல் மெஷினும் பின்னறையில் மனைவி மக்களுமாக இருந்த சொந்த வீடு. ஞாயிற்றுக்கிழமை பத்திரத்தோடு வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "புள்ளைங்களை எங்கங்க படுக்க வைக்கிறது?"

"அங்க ராத்திரியே கிடையாதாம். தூக்கம் எதுக்கு?" என்றவருக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. "ஆனா பழக்கதோஷம் விடுமா? வெளிச்சம் வராம கனத்த துணியில திரை தைச்சு எடுத்துட்டுப் போயிடலாம். ஜன்னல் அளவு போட்டிருக்கான்னு வேதத்துல பாரேன்."

இந்த அளவெடுக்கும் புத்திதான் குடும்பத்தைக் காப்பாற்றியது. அவள் அந்த நகரத்தைப் பற்றிய அதிகாரத்தை முதல் வரியிலிருந்து படித்தாள். ஜன்னல் அளவு இல்லை. இருந்ததைப் படித்தவள் வாயே திறக்காமல் புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிறன்று மேடையில் தையல்காரர் பத்திரத்தை நீட்டினார். நடுவில் அவள் கையை வைத்தாள்.

"ஒரு சந்தேகம் ஐயா. எழுத்துக்கு எழுத்துதானே?"

"அதுல என்னம்மா சந்தேகம்? ஒரு புள்ளி மாறாது!"

"இந்த நகரம் இறங்குற அதிகாரத்துல முதல் வசனத்துலயே, இனிமே கடலே இல்லைன்னு போட்டிருக்கே. எங்க வீடு எந்தக் கடலைப் பாக்குது?"

போதகர் தொண்டையைச் செருமினார். "அது... அந்தக் கடல் உவமைம்மா."

"சரி. கொஞ்சம் கீழ, தாகமா இருக்கறவனுக்கு ஜீவத்தண்ணியை இலவசமாத் தருவேன்னு இருக்கே?"

"அதுவும் உவமை!"

"அடேங்கப்பா! விக்கிறதெல்லாம் எழுத்துப்படி, இலவசம்னா மட்டும் உவமையா?"

"அப்ப என் மூலை வீடு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் அலறியது. அத்தனை வருடம் கக்கத்தில் இடுக்கியே வைத்திருந்த புத்தகத்தை அன்றுதான் எல்லோரும் திறந்தார்கள்.

தையல்காரர் பத்திரத்தை வெடுக்கென்று இழுத்து மனைவியின் பைக்குள் திணித்தார். அவள் கும்பிட்டாள். "எங்க வீட்டையும் உவமையாவே வாங்கிக்குங்க ஐயா."

போதகர் பின்வாசல் வழியாக ஓடினார். உவமையாக அல்ல, நிஜமாகவே. ஏற்கெனவே வீட்டைக் கொடுத்து ஏமாந்தவர்கள் அவரை அங்கேயே மடக்கி, பையிலிருந்த அவரவர் பத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு போக எந்தத் தேவதூதரும் வரவில்லை.

பரலோகத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் எவனாவது அதற்கு வரைபடம் நீட்டினால், பீரோவைத் திறக்கும் முன் புத்தகத்தைத் திறங்கள். அதற்கும் முன்னால் மூளையைத் திறந்தால் ரொம்பப் புண்ணியம்!