பெட்டிக்குள் கடல்

திரு இருதய ஆண்டவர் படம் ஆணியோடு கழன்று பேஸ் ஸ்பீக்கர் பெட்டியின் தலையில் விழுந்தபோது, யாக்கோப்பு கதிரையில் கண்ணை மூடியபடி நடுக்கடலில் இருந்தான்.

"இப்ப சந்தோசமோ உங்களுக்கு?" குசினிக்குள்ளிருந்து அகப்பையோடு ஓடிவந்தாள் அவன் மனைவி புனிதம். "ஆண்டவரையே கீழை இறக்கிப்போட்டியள்!"

"ஆணி கறள் பிடிச்சதடியப்பா."

"உந்தப் பெட்டி வரும்வரைக்கும் அதே கறளோடைதானே நிண்டது?"

யாக்கோப்பு கதிரையை விட்டு எழும்பினான். படத்தைத் துடைத்து மேசையில் வைத்தான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை ஊறியது. சுவரில் கிடக்கிற படத்தையே விழுத்துகிற பேஸ்!

முல்லைத்தீவுக் கரையில் அவனைப்போல் வலை இழுத்தவர்கள் குறைவு. இழுத்த இழுவையில் முதுகின் அடி, நாரி, விட்டுப்போனது. இனிக் கடலுக்குப் போனால் ஆளைத் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வள்ளத்தையும் எஞ்சினையும் விற்றான். கரையில் நின்று கடலைப் பார்க்கலாம்தான். அது கலியாண வீட்டுப் படலையில் நின்று பந்தியைப் பார்க்கிற மாதிரி. அவனுக்கு வேண்டியது அந்த அசைவு. வீட்டில் கட்டில் அசையாது, நிலம் அசையாது, நித்திரையும் வராது.

அப்படியிருக்க, வவுனியாவுக்குக் கண் காட்டப் போனவன் மழைக்கு ஒரு ஸ்பீக்கர் கடைக்குள் ஒதுங்கினான். கடையில் நின்ற நெளுக்குளத்துப் பெடியன் யதுர்ஷன், "இருங்கோ அண்ணை, சும்மா கேட்டுப் பாருங்கோ" என்று கதிரை போட்டான். முன்னால் ஆளுயரத்தில் இரண்டு பெட்டிகள். நடுவில் ஒருவருமில்லை. பாட்டுத் தொடங்கியதும் பாடுகிறவள் அந்த நடுவில் வந்து நின்றாள். அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பிறகு, மூலையில் குந்தியிருந்த கட்டைக் கறுப்புப் பெட்டியிலிருந்து ஒன்று வந்தது. அதைச் சத்தம் என்று சொல்ல முடியாது. காலுக்குக் கீழே ஏதோ மெல்ல உயர்ந்து, அவன் நெஞ்சைத் தூக்கி, ஆறுதலாக இறக்கி வைத்தது. உடையாத அலை வள்ளத்தைத் தூக்குகிற அதே தூக்கு.

வெளியே மழை விட்டது. யாக்கோப்பு எழும்பவில்லை.

வள்ளம் விற்ற காசு, மூன்று பெட்டிகளாக வீடு வந்து சேர்ந்தது.

"வயரெல்லாம் பூட்டித் தந்திட்டுப் போறன் அண்ணை" என்றான் தன் வான் வண்டியில் கொண்டுவந்து இறக்கிய யதுர்ஷன்.

"தம்பி, நீ பிறக்க முந்தியே திருநாளுக்குப் பனையிலை ஏறி லவுட்ஸ்பீக்கர் கட்டினவன் நான். அம்பிளிபயரிலை இருந்து பெட்டிக்கு ஒரு வயர். உதுதானே வித்தை? நீ போயிட்டு வா."

வலைக் கயிற்றால் அளந்தான். இரண்டு பெட்டிக்கும் இடையில் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரத்தில் கதிரை. பெட்டிகளைச் சுவரை விட்டுத் தள்ளி, முகத்தைக் கதிரைப் பக்கம் கொஞ்சம் திருப்பினான். பேஸ் பெட்டிக்கும் ஒரு வயர் இழுத்து, படத்துக்குக் கீழே வைத்தான். அந்தப் படம்தான் இப்போது விழுந்திருக்கிறது.

பெட்டியை மற்ற மூலைக்குத் தள்ளினான். அந்தப் பக்கம் வேலிக்கு அப்பால் நேசமலரின் கோழிக்கூடு.

அடுத்த நாள் விடியவே அவள் வந்துவிட்டாள்.

"யாக்கோப்பண்ணை, என்ர அடைக்கோழி முட்டையை விட்டிட்டு மாமரத்திலை ஏறி நிக்குது. உங்கடை பெட்டி போட்டா நிலம் அதிருது."

"நான் இண்டைக்கு இன்னும் போடேல்லையே பிள்ளை."

"நேற்றுப் போட்டதைக் கோழி மறந்திடுமோ?"

அந்த ஒழுங்கைத் தெருவில் நிலம் அதிர்வதைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சண்டைக் காலத்தில் ஷெல் விழுகிற சத்தம் வருமுன்னமே உள்ளங்காலில் அறிந்தவர்கள். அறிந்ததால்தான் உயிரோடு இருந்தார்கள். அதிருது என்று ஒருத்தி சொன்னால், மற்றவர்கள் காலைக் கூர்ந்து கவனிப்பார்கள். கவனித்தால் எந்தக் காலும் ஏதாவது சொல்லும்.

யாக்கோப்பு பெட்டியின் பின்னாலிருந்த திருகியைப் பாதிக்குக் குறைத்துவிட்டு வேலியால் எட்டிப் பார்த்தான்.

"இப்ப எப்பிடி?"

"இப்ப பரவாயில்லை. ஆனா பல்லுக்குள்ளை கூசுது."

பின்னேரம் அப்புத்துரை மேசன் வந்தார். அந்த ஒழுங்கையின் வீட்டுத்திட்ட வீடுகள் எல்லாம் அவர் கட்டியவை. வந்தவர் சுவரில் இருந்த வெடிப்பை விரலால் தடவினார்.

"யாக்கோப்பு, உன்ர பெட்டி என்ர சுவரைப் பிளந்து போட்டுது."

"உந்த வெடிப்புக்குள்ளை குளவி கூடு கட்டியிருக்கு, அண்ணை. பெட்டி வந்தது இந்தக் கிழமை."

"குளவி சுறுசுறுப்பான சாதியடா."

யாக்கோப்பு கடைக்குப் போன் எடுத்தான். "தம்பி, பேஸ் கூடிப்போச்சு. படம் விழுது, கோழி எழும்புது, சுவர் வெடிக்குது."

யதுர்ஷன் மலைத்துப் போனான். "கடையிலைகூட அப்பிடி அடிக்கேல்லையே அண்ணை! இடம்தான் பிழை. பேஸ் பெட்டியைத் தூக்கி நீங்கள் இருக்கிற கதிரையிலை வையுங்கோ. பாட்டைப் போட்டிட்டு, அறை முழுக்கத் தவண்டு தவண்டு கேளுங்கோ. எவ்விடத்திலை இனிமையாக் கேக்குதோ, அவ்விடத்திலை பெட்டியைக் கொண்டுபோய் வையுங்கோ. இது உலகம் முழுக்கச் செய்யிறதுதான்."

உலகம் முழுக்கச் செய்வதை யாக்கோப்பும் செய்தான். புனிதம் செபமாலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பெட்டியைக் கதிரையில் ஏற்றினான். கதிரை கீறுப்படாமல் இருக்க, கைக்குக் கிடைத்த வெள்ளைத் துணி ஒன்றை அடியில் விரித்தான். அது மாதா சுரூபத்துக்கு விரிக்கிற லேஸ் துணி என்பதை அவன் கவனிக்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நாரி நோவைப் பல்லில் கடித்தபடி தவழ்ந்தான். வாசலடியில் ஒன்றுமில்லை. யன்னலடியில் கொஞ்சம். அலுமாரியடியில் நெற்றி நிலத்தில் முட்டியபோது... அங்கேதான். மெல்ல உயர்ந்தது. ஆழத்தில் ஏதோ புரண்டது. விடிவெள்ளி நேரத்து நீரின் கருமை அவனைச் சுற்றிப் பரவியது. அவனுக்குக் கண்ணீர் வந்தது.

"சேசுவே!"

வாசலில் புனிதம். அவளுக்குப் பின்னால் மெழுகுதிரியோடு செபமாலைப் பெண்கள். கதிரையில், மாதாவின் லேஸ் துணியின்மேல், கறுப்புப் பெட்டி. அதன் முன்னால், நெற்றி நிலம்பட, அழுதபடி யாக்கோப்பு.

"ஆண்டவரை விழுத்தினது ஏனெண்டு இப்பதான் விளங்குது" என்றாள் நேசமலர். "அந்த இடத்துக்கு இந்தக் குட்டிச்சாத்தானை ஏத்தத்தான்."

"எடியே, இடம் பாக்கிறனடி!"

"இடம் பாத்தது காணும், போதும்." புனிதம் லேஸ் துணியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். "பெரிய பெட்டி ரெண்டும் இருக்கட்டும். உந்தக் குட்டியன் நாளைக்கு வெளியாலை போகவேணும். இல்லாட்டி நான் போறன்."

யாக்கோப்பு நிலத்திலிருந்து எழும்பினான். திரும்பவும் கடைக்குப் போன் எடுத்து, பெட்டியைக் கொண்டுபோகச் சொன்னான். அன்றைக்குக் கட்டில் முன்னைவிட அசையாமல் கிடந்தது.

மறுநாள் பின்னேரம், பெட்டி போவதைப் பார்க்க ஒழுங்கையே முற்றத்தில் கூடிவிட்டது. நேசமலர் கோழியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பெட்டி அலுமாரியடியில், தவழ்ந்து கண்டுபிடித்த அதே இடத்தில் இருந்தது.

"கடைசியா ஒரு பாட்டுப் போடட்டோ?" என்றான் யாக்கோப்பு, ஒருவரையும் பாராமல்.

அப்புத்துரை தலையை ஆட்டினார். யாக்கோப்பு பெட்டியின் பின்னாலிருந்த திருகியை முழுதாகத் திருகிவிட்டு வந்து கதிரையில் இருந்தான்.

பாட்டுத் தொடங்கியது. பாடுகிறவள் நடுவில் வந்து நின்றாள். வெயில் யன்னலால் சரிந்து சீமெந்துத் தரையில் நீர்போலக் கிடந்தது. பிறகு அது வந்தது. அப்புத்துரை சுவரை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்தார். நேசமலர் கோழியை நெஞ்சோடு அணைத்தாள். கோழியும் கண்ணை மூடியது. வாசலில் நின்ற பெண்கள், தாங்கள் அறியாமலே, மெல்ல மெல்ல ஆடினார்கள். முழு வீடும் கரையிலிருந்து கழன்று போய்க்கொண்டிருந்தது.

புனிதம் வந்து பெட்டியின்மேல் கையை வைத்தாள். எடுக்கவில்லை.

"என்னங்கோ."

"ம்."

"தூக்குதப்பா."

"சொன்னனெல்லே."

"கலியாணம் முடிச்ச புதிசிலை என்னை வள்ளத்திலை ஏத்திக்கொண்டு போனியள். அண்டைக்கு வயித்துக்குள்ளை ஒரு மாதிரிச் செய்தது. அதே மாதிரிக் கிடக்கு." அவள் கண்ணைத் துடைத்தாள். "இருக்கட்டும். வான்காரனைத் திருப்பி அனுப்புங்கோ."

"கோழி பழகீடும்" என்றாள் நேசமலர்.

"சுவர் என்ர பொறுப்பு" என்றார் அப்புத்துரை.

வெளியே வான் வந்து நின்றது. யதுர்ஷன் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே வந்தான். கையில் சுருட்டிய கறுப்பு வயர் ஒன்று.

"குறை நினையாதேங்கோ அண்ணை, இந்தப் பேஸ் பெட்டிக்குச் சுவரிலை செருகிற கரண்ட் வயர் அண்டைக்குத் தொடக்கம் என்ர வானுக்குள்ளையே கிடந்திட்டுது, இது இல்லாட்டி அது ஒரு முனகலும் முனகாதே, நீங்கள் எந்தப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னனீங்கள்?"