வீட்டுக்கு ஒரு கோடு

உலகுக்குக் குடவோலை தந்த உத்திரமேரூர் வட்டாரம், இப்போது உலகுக்கு ஒரு வேகத்தடையும் தந்திருக்கிறது.

அது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் முன்னால் இருக்கிறது. வெள்ளைக்கோடு போட வேண்டும் என்றதும் வீட்டுக்கு ஒரு கோடு ‘உபயம்’ என்று முடிவாயிற்று. மனஸ்தாபம் வரக் கூடாதல்லவா? எல்லாக் கோடும் விரல் அகலம். திறப்புவிழாவன்று ஊரே குனிந்து நின்று அவரவர் கோட்டைக் கண்டுபிடித்து மகிழ்ந்தது. வேகத்தடைக் குழுவின் செயலாளர் என்ற முறையில் நானும் குனிந்தேன். கறுப்பும் வெள்ளையும் பளிச்சென்று இருந்தன.

மறுநாள், சத்துணவுக்கு முட்டை கொண்டுபோகும் ஆதிலட்சுமி மொபெட்டோடு அதன்மேல் பறந்தாள். முழங்கை சிராய்த்துவிட்டது. உடனே அவசரக் கூட்டம் கூடியது.

“இன்னாமா, இம்மாம் கோடு கீதே, தெரியலியா?” என்று விசாரித்தார் தலைவர் சடையப்பன்.

“கிட்ட நின்னா தெரியுது. புளியமரத்தாண்டேர்ந்து பாருங்க. எல்லாம் ஒண்ணாக் கலந்து ரோடு கலராவே கீது.”

குழு புளியமரம்வரை நடந்து சென்று பார்வையிட்டது. கோடுகளைக் காணோம், வேகத்தடையையும் காணோம். சாம்பல் நிறத்தில் ரோடு மட்டும் இருந்தது. மனிதக் கண்ணின் இந்தப் ‘பொறுப்பின்மை’யைக் குழு வன்மையாகக் கண்டித்தது.

“அகலமா நாலு பட்டை போட்டா எட்டக்கீறவனுக்கும் தெரியும்” என்றாள் ஆதிலட்சுமி.

“நாலுன்னா, யார் வூட்டுது?” என்றார் சடையப்பன்.

முதலில் எழுந்தவர் ஆதிலட்சுமியின் கணவர் முத்துவேல்தான். “எங்க நைனா பேர்ல போட்ட கோடு. அத அழிச்சா பேஜாராயிடும்.”

“அப்ப நான் நாளிக்கி எப்டி வர்றது?”

“பாத்து வா.”

அவள் பார்த்துத்தான் வந்தாள். வேகத்தடைக்கு முன்னால் மெதுவாகப் பிரேக் பிடித்தாள். பின்னால் வந்த மினி வேன்காரருக்குத்தான் எதுவும் தெரியவில்லை. வேன் இடித்ததில் ஆதிலட்சுமி வயல் சேற்றில் விழுந்து பிழைத்தாள். முட்டை மொத்தமும் வேகத்தடையில் உடைந்தது.

அதன்பின் நடந்ததை என்னவென்று சொல்வது? மஞ்சள் கரு அகலமான ஒரே பட்டையாகப் பரவியது. புளியமரத்துக்கு அப்பாலிருந்தே பஸ் வேகம் குறைத்தது. லாரியும் குறைத்தது.

சடையப்பன் பதறிப்போனார். “கோடெல்லாம் மறைஞ்சி போச்சே. தண்ணி கொண்டாந்து கழுவுங்கபா.”

“கொஞ்ச நேரம் உடுங்க” என்றாள் ஆதிலட்சுமி, சேறும் சகதியுமாக. “இன்னிக்கித்தான் எல்லாம் மெதுவாப் போவுது.”

ஆனால் அதில் எங்கள் யாருடைய கோடும் இல்லையே. கழுவிவிட்டோம்.

இப்போது கோடுகள் மீண்டும் பளிச்சென்று இருக்கின்றன. கண்டுகளிக்க வருபவர்கள் தயவுசெய்து வண்டியைப் புளியமரத்தடியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வரவும்.