சித்தூருக்குப் போன வளைகாப்பு

தப்பே செய்யாதவர்களால் உடனிருப்பவர்களுக்கு எவ்வளவு தொல்லை என்பது, தப்பே செய்யாதவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். கேள்வித்தாள் தயாரிக்க உட்கார்ந்தால், ஒரு கமா சரியில்லை என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். கெடு தாண்டும், பிரின்சிபால் கத்துவார், நான் இன்னும் கமாவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தூக்கம் போயிற்று, நெஞ்சு படபடவென்று அடித்தது. ஈ.சி.ஜி. எடுத்தால் ஒரு குறையும் இல்லை. (அதுவாவது சரியாக வந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.) டாக்டர் என்னை ஒரு கவுன்சலரிடம் அனுப்பினார்.

கவுன்சலர் என்னைவிடச் சின்னப் பெண். பாதி தெலுங்கு, பாதி தமிழ். எனக்குத் தேவை சி.பி.டி. என்றாள். நம் நினைப்பு நிஜம்தானா என்று செய்து பார்த்தே தெரிந்துகொள்ளும் சிகிச்சையாம். சில வாரம் பேசியபின் வீட்டுப்பாடம் கொடுத்தாள்.

“மேடம், வேணும்னே ஒரு தப்பு சேயண்டி. சின்னதா போதும். திரும்பப் படிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. தப்பு வந்தா என்ன ஆகும்னு பயப்படறீங்க?”

“எல்லார் முன்னாடியும் மானம் போயிடும்.”

“போகுதான்னு பாக்கலாம்.”

அப்போது என் தங்கை பவானிக்கு ஏழாம் மாதம். புத்தூரில் வளைகாப்பு. சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப் குரூப்பில் அழைப்பு அனுப்புவது என் பொறுப்பு. இதுதான் களம் என்று முடிவு செய்தேன். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து, யாருக்கும் நஷ்டம் வராத, அளவான ஒரு தப்பைத் தேர்ந்தெடுத்தேன். ‘அனைவரும் வருக’ என்பதை ‘அனைவரும் வறுக’ என்று போடுவது. (தப்பிலும் நான் முதல் மார்க் வாங்க வேண்டாமா?)

டைப் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன். குரூப்பை மியூட்டில் போட்டேன். எட்டிப் பார்க்கக் கை துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, விழா நாள் வரை அந்தப் பக்கமே போகவில்லை. அப்படி ஒரு வைராக்கியம்.

விழா அன்று புத்தூர் பஸ் ஸ்டாண்டு பின்னாலிருக்கும் மண்டபத்தில், மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கத்து நாற்காலிகளில் என் அம்மா, நைனா, மின்விசிறிக் காற்று. நேரம் ஆக ஆக, பவானியின் மாமியார் என் அம்மாவிடம் குனிந்து, “உங்க சைடுல யாரும் வர்லீங்களா?” என்று கேட்டார். பவானியின் கண்ணில் மை கரைய ஆரம்பித்தது.

நான் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

“எங்க இருக்கீங்க பெரிப்பா?”

“துன்னுகினு கீறோம்மா. பாயசம் சூப்பரு. உன்னத்தான் காணோம்.”

“எங்க துன்றீங்க?”

“இன்னாம்மா கேக்கற? நீதான அனுப்பன. சித்தூரு, பஸ் ஸ்டாண்டு பின்னாடி மண்டபம். உங்க அத்தை வளையல்கூட போட்டுட்டா. பவானிக்கு மூஞ்சி கொஞ்சம் மாறிக்கிது. மாசமா இருந்தா அப்படித்தான்னு வுட்டுட்டோம்.”

மெசேஜைத் திறந்தேன். ‘வறுக’ நான் வைத்த இடத்தில் அழகாக இருந்தது. அதற்கு மேலே, புத்தூர் இருக்க வேண்டிய இடத்தில் சித்தூர். அழைப்பு அனுப்பிய வாரம் முழுக்க எனக்குச் சித்தூரில் பரீட்சை டூட்டி. அந்த ஊர்ப் பெயரையே டைப் செய்து பழகிய விரல் அதையே போட்டிருக்கிறது.

“நீயாச்சும் பாக்கலியாடி?” என்றேன் பவானியிடம்.

“நீ அனுப்பினதுல தப்பு இருக்குமான்னு நான் படிக்கவே இல்லக்கா!”

அத்தனை பேரும் அப்படித்தான். புத்தூர் என்று முன்பே வாய்வார்த்தையாகத் தெரிந்தவர்கள்கூட, ‘அவ போட்டா சரியாத்தான் இருக்கும், மண்டபம் மாத்திட்டாங்க போல’ என்று வேன் பிடித்துச் சித்தூர் போயிருக்கிறார்கள்.

உடை மாற்றும் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் கால் திரும்பியது. மேடையில் பவானி அழுதுகொண்டிருந்தாள். திரும்பி நேராகப் போய், மாமியார் முன்னால் நின்றேன். “தப்பு என்னுது அத்தை. ஊர் பேரை மாத்திப் போட்டுட்டேன். எங்க ஆளுங்க எல்லாம் சித்தூர்ல வேற யாரோ பொண்ணுக்கு வளையல் போட்டுகினு இருக்காங்க.”

அந்தம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், பவானிக்கே அழுகை நின்றுவிட்டது. “நல்ல நேரம் முடியப் போவுது, வாங்கடி” என்று தன் பக்கத்துப் பெண்களை எழுப்பி, முதல் வளையலை அவரே போட்டார். மூன்று மணி வாக்கில் எங்கள் ஆட்கள், யாரோ கொடுத்த தாம்பூலப் பைகளோடு வந்து இறங்கி, இங்கேயும் ஒரு பந்தி உட்கார்ந்தார்கள்.

அடுத்த வாரம் கவுன்சலர் முன்னால் கொதித்துக்கொண்டு உட்கார்ந்தேன். “நான் பயந்தது அப்படியே நடந்துச்சு. உங்க சி.பி.டி. தோத்துப் போச்சு!”

முழுக்கதையும் கேட்டவள், துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். ஒருவழியாக மூச்சு விட்டு, “சரே மேடம். மானம் போயிந்தி. அப்புறம்?” என்றாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்புறம் எல்லாரும் சாப்பிட்டார்கள். பவானிக்கு வளையல் அடுக்கினார்கள். நான் நன்றாகத் தூங்கினேன். அவ்வளவுதான்.

“அப்புறம் ஒண்ணும் இல்ல” என்றேன், கொஞ்சம் ஏமாற்றமாகவே.

“அடுத்த வீட்டுப்பாடம் ஊர் பேர் இல்லாததா குடுக்கறேன்” என்றாள்.

சிகிச்சையை விடவில்லை. இப்போது கேள்வித்தாளை ஒரே ஒரு முறை திரும்பப் படித்து அனுப்பிவிடுகிறேன். பவானியின் மகன் பள்ளிக்கூடம் போகிறான். ஆனால் எங்கள் குடும்பத்தில் எந்த அழைப்பு வந்தாலும் பெரியப்பா முதலில் எனக்குத்தான் போன் போடுகிறார்.

“ஊரு பேரு நீ டைப் பண்ணதாம்மா, வேற யாராச்சுமா?”

“ஏன் பெரிப்பா?”

“நீன்னா சொல்லு. காத்தால டிபன் துன்னாம வர்றேன். ரெண்டு எடத்துல துன்னணும்ல?”