குளிரூட்டல் குழுவும் ஒரு எல்போவும்

வெப்ப மேலாண்மையின் வரலாற்றை யாராவது எழுதப் புகுந்தால், அந்தப் புதன்கிழமையைப் பொன்னெழுத்துகளில் பொறிக்க வேண்டியிருக்கும். அன்று காலை அலுவலகத்தின் குளிரூட்டல் பொறியாளர் கட்டிலுக்கடியில் தலையை விட்டபடி, "ஏம்மா, இன்னொரு சாக்ஸ் எங்க?" என்று கேட்டார்.

"உங்க கையில இருக்கு" என்றாள் மனைவி.

"அட, ஆமா."

அவர் வீட்டில் பேசிய கடைசிச் சொற்கள் அவை.

அவளுக்கும் அதே அலுவலகத்தில்தான் வேலை. கூட்டக் குறிப்பு எழுதுவாள். ஆகவே 'மின்னணுக் கருவிகள் உயர்நிலைக் குளிரூட்டல் குழு' ஆற்றிய தொண்டை ஒரு சொல் விடாமல் அறிவாள்.

அந்தத் தொண்டு சாதாரணமானதல்ல. சர்வர் அறையின் நூற்றிருபது கணிப்பொறிகளுக்கும் மாப்பிள்ளை மரியாதை. ஒவ்வொரு சிப்பின் தலையிலும் செம்புத் தகடு, தகட்டுக்கடியில் பசை, சுற்றிலும் மெல்லிய குழாய்களில் ஓடும் குளிர்ந்த திரவம். ஒரு சிப்புக்கு லேசாக மேல் சுட்டாலும் குழுவின் பதினோரு பேருக்கும் கையும் ஓடாது, காலும் ஓடாது.

வெப்பம் அழியாது, இடம்தான் மாறும். பொறியாளர்கள் முதலாண்டிலேயே படிக்கும் உண்மை இது. எந்த இடத்துக்கு மாற வேண்டும் என்று முடிவு செய்யத்தான் குழு இருக்கிறது. குழு முடிவு செய்தது. நூற்றிருபது கணிப்பொறிகளின் வெப்பத்தையும் சுமந்து வரும் காற்றுக்குழாய், பக்கத்து அறையில் பொறியாளரின் நாற்காலிக்கு நேர் மேலே வாய் திறந்தது. அங்கே நாற்பத்து மூன்று டிகிரி.

அவர் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. முழங்கைபோல மடங்கிய ஒரு தகரக் குழாய்த் துண்டு, அவ்வளவுதான். அதை நான்கு வருடமாகக் கேட்டார்.

"ஒரே ஒரு எல்போ மாட்டினா போதும் சார். காத்து ஜன்னல் பக்கம் போயிடும்."

குழு சர்வர் அறையில்தான் கூடும். வேறெங்கும் அவ்வளவு குளிர்ச்சி கிடையாது. தலைவர் ஸ்வெட்டரின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"நம்ம குழு எதுக்காகங்க?"

"மின்னணுக் கருவிகளுக்காக சார்."

"நீங்க மின்னணுக் கருவியா?"

"இல்ல சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல."

"இல்லதான் சார்."

"அப்புறம் நாங்க என்ன பண்ண முடியும், சொல்லுங்க?"

'கோரிக்கை வரம்புக்கு வெளியே இருப்பதால் வருத்தத்துடன் குறித்துக்கொள்ளப்பட்டது' என்று மனைவி எழுதினாள். நல்ல கையெழுத்து அவளுக்கு.

வீட்டில் மட்டும் சண்டை பிடித்தாள். "ஏங்க, ஒரு தகரத்த வளைச்சு நீங்களே மாட்டிட்டா என்ன? யாரு கேக்கப் போறா?"

"அனுமதியில்லாம குழாய்ல கை வெச்சா காத்தோட்டக் கணக்கு தப்பாயிடும்மா."

"எவன் போட்ட கணக்கு அது?"

"நான்தான்" என்றார், கொஞ்சம் பெருமையாக.

பிறகு ஒரு நாள் நாற்காலியிலேயே மயங்கி விழுந்தார். இதயம் மெதுவாகத் துடிக்கிறது என்று சொல்லி மருத்துவர்கள் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்தார்கள். கண் விழித்ததும் அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"ஏம்மா, நான் வரம்புக்குள்ள வந்துட்டேன்!"

"என்ன உளர்றீங்க?"

"நெஞ்சுக்குள்ள பேட்டரி இருக்கு, சர்க்யூட் இருக்கு. மின்னணுக் கருவியா, இல்லையா?"

பத்து நாளாக அடக்கி வைத்திருந்த அழுகையும் சேர்ந்துகொள்ள, அவள் சிரித்தாள்.

புதிய விண்ணப்பம் குழுவை உலுக்கிவிட்டது.

"இத ஏன் நீங்க முன்னாடியே சொல்லல?" என்று தலைவர் கடிந்துகொண்டார்.

"முன்னாடி நெஞ்சு நல்லா இருந்துச்சு சார்."

வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றினார். "கருவி இப்போ என்ன வெப்பத்துல இருக்கு?"

"முப்பத்தேழு டிகிரி சார். கூடாது, குறையாது."

"அப்படியா! யார் பாத்துக்கறா?"

"நான்தான் சார். ரத்தம் சுத்தி ஓடிட்டே இருக்குல்ல."

"திரவக் குளிரூட்டல்!" என்று கூவினார் ஆலோசகர். பதினோரு பேரும் கைதட்டினார்கள். பொறியாளரும் தட்டினார், நல்ல வடிவமைப்பை யார் செய்தாலும் அவருக்குப் பிடிக்கும்.

"அப்போ கருவிக்கு ஆபத்தில்ல, அவசரமுமில்ல" என்று தலைவர் முடித்துவைத்தார். எல்போ 'கொள்கையளவில்' ஏற்கப்பட்டது. இறுதி அனுமதி மூன்று வாரம் கழித்து, புதன்கிழமை.

அதுதான் சாக்ஸ் தேடிய புதன்கிழமை. நிகழ்ச்சி நிரலில் எல்போ மூன்றாவது. முதலாவது, சர்வர் அறைக் கதவின் நிறம். அதற்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மூன்றாவது வந்ததும் பொறியாளரை அழைத்துவர அவளைத்தான் அனுப்பினார்கள். அவர் மேசையில் தலை சாய்த்திருந்தார். சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. அவள் இரண்டு முறை கூப்பிட்டாள்.

மருத்துவமனையில் பேஸ்மேக்கரை வெளியே எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். நொடி பிசகாமல் துடித்துக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். ஸ்வெட்டர் அணிந்த பதினோரு பேரும் எழுந்து ஒரு நிமிடம் நின்றார்கள். கருவி பயன்பாட்டில் இல்லாததால் எல்போ கோரிக்கை காலாவதியாயிற்று. பிறகு தலைவர் ஆண்டறிக்கைக்கு ஒரு வரி சொல்ல, அவள் எழுதினாள்: 'இக்குழுவின் பாதுகாப்பிலுள்ள மின்னணுக் கருவி எதுவும் இதுவரை வெப்பத்தால் பழுதடைந்ததில்லை.'

"சரியா இருக்காம்மா?"

"சரியா இருக்கு சார். அதச் சுத்தி இருந்ததுதான் பழுதாயிடுச்சு. அதையும் எழுதட்டுமா?"

தலைவர் நெடுநேரம் யோசித்தார். அவர் கெட்டவர் அல்ல; கண்கூடக் கலங்கியது.

"அது மின்னணுக் கருவி இல்லையேம்மா" என்றார்.

சர்வர் அறையில் அப்போது இருபத்தொரு டிகிரி. இப்போதும் இருபத்தொரு டிகிரிதான்.