இனிப்பு மண்டோரின் கால் பெரட்டு

மலாக்கா மாநிலத்திலேயே அதிகம் பேருடைய பாதங்களைப் பார்த்தவர் யார் என்று கேட்டால் செருப்புக்கடைக்காரரைச் சொல்லாதீர்கள். எங்கள் நியாலாஸ் ஊர் இனிப்பு மண்டோரைச் சொல்லுங்கள்.

செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேய்த்தவர். வேலை ஓய்ந்த கையோடு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், முற்றி, இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. மற்றவர்கள் என்றால் மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். இவர் கைப்பேசியைப் பால் டின்னில் சாய்த்து வைத்து, தன் நோய்க் கதையை நேரலையில் சொல்ல ஆரம்பித்தார். புண்ணில் சீழ் வைத்த கட்டத்தை விவரிக்க அவர் தேர்ந்தெடுத்த நேரம் காலை ஆறரை. பசியாற உட்கார்ந்தவர்கள் நாசி லெமாக்கை மூடி வைத்தார்கள். அதுவும் சர்க்கரைக்கு நல்லதுதான் என்றார்.

ஆறரை என்பது தோட்டத்தில் பெரட்டு நேரம். தினமும் பேர் கூப்பிட்டு ஆள் கணக்கு எடுத்த வாய் சும்மா இருக்குமா? நேரலை சீக்கிரமே இனிப்பு நீர்க்காரர்களின் குழு வீடியோ அழைப்பாக மாறியது. பேர் கூப்பிட்டால் நோயாளி, புண் ஏதும் இல்லை என்று தெரிய, இரண்டு பாதங்களையும் காட்டியாக வேண்டும்.

"பாப்பாத்திம்மா, அடிப்பாதத்தக் காட்டுங்க லா. கொலுச யாரு கேட்டா?"

கோலா சுங்கை பாருவில் பாப்பாத்தி அக்கா பாதத்தைத் திருப்புவார்.

"சரி. அடுத்த ஆளு."

"லைன் சரியில்ல மண்டோர்" என்று யாராவது நழுவப் பார்த்தால், "இனிப்பு நீரு லைனுக்கா, ஒனக்கா?" என்பார்.

சுங்கை ஊடாங்கில் வெல்டராக இருக்கும் குணா ஒருநாள் ஒரு பாதத்தைக் காட்டினான், பிறகு இன்னொன்றைக் காட்டினான். இரண்டிலும் பெருவிரல் ஒரே பக்கம் இருந்தது. மண்டோர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஏன்டா குணா, ஒனக்கு ரெண்டுமே வலது காலா?"

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

மண்டோருக்குப் பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் குணா வீட்டுக்குக் கார் ஓட்டும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. சுங்கை ஊடாங் வரை மண்டோர் வாயே திறக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. குணா வாசற்படியில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான்.

"கழட்டு."

"சும்மா கொப்புளம் மண்டோர். லீவு போட்டா கான்ட்ராக்ட் வேலை போயிரும் லா. பிள்ளைங்க படிக்குதுங்க."

மண்டோர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் பொய்க்காலைக் கழற்றி அவன் மடியில் வைத்தார்.

"நானும் என் பொண்டாட்டிகிட்ட நல்ல காலையே ரெண்டு தரம் காட்டுனவன்தான்டா. பிடி, இத மாட்டிக்கிட்டு வேலைக்குப் போ."

குணா பூட்ஸைக் கழற்றினான். இடது சுண்டுவிரல் கறுத்துப் போயிருந்தது. நேராக மருத்துவமனைக்கு விட்டோம். அவசரத்தில் பொய்க்கால் அந்தப் படியிலேயே கிடந்துவிட்டது. மண்டோரை நான்தான் தூக்கி இறக்கினேன். எனக்குத் தூக்கத் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டே வந்தார். அவர் பேசியதில் எனக்கு நிம்மதி.

விரல் போனது, கால் தப்பியது. மருத்துவமனைக் கட்டிலில் இருந்தே குணா பெரட்டுக்கு வந்தான்.

"ஒம்பது வெரலு. சரி, அடுத்த ஆளு."

அடுத்த ஆள் நான். எனக்கு இனிப்பு நீர் கிடையாது. "ஒனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, நீ எதுக்குடா வர்ற?" என்று ஒருமுறை கேட்டார். கேட்டுவிட்டு என் காலையும் பார்த்தார்.

இப்போதும் ஆறரைக்குக் கால் கழுவிக் காத்திருக்கிறேன். அவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் எனக்குப் பொழுது விடிகிறது.